தைத்த ஊரும் நெய்த ஊரும்

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டு வாடிக்கையாளரான பையருக்கும் தையல் பிரிவுக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பேச்சு வாங்குகிற வேலை. டி-ஷர்ட்டைக் கையில் எடுத்தால் மற்றவர்கள் துணியைத் தடவிப் பார்ப்பார்கள். நான் கழுத்தைத் திருப்பி லேபிளைப் பார்ப்பேன்.

அமெரிக்க ஆர்டர் என்றால் ‘மேட் இன் இந்தியா’ கழுத்தின் உட்புறம், இரு தோள் தையல்களுக்கும் நடுவில் இருந்தாக வேண்டும். பக்கத் தையலில் வாஷ்கேர் லேபிளோடு சேர்த்துப் போட்டால் செல்லாது. பையரின் பிடிவாதம் என்று புதிதாக வருகிறவர்கள் முணுமுணுப்பார்கள். அது அந்நாட்டுச் சுங்க விதி. 1930-ஆம் ஆண்டுச் சுங்கவரிச் சட்டத்தின்படி, நாட்டின் பெயர் இல்லாமல் போய்ச் சேர்ந்த சரக்கை உரிய நேரத்தில் சரிசெய்யாவிட்டால் மதிப்பில் 10 சதவீதம் கூடுதல் தீர்வை விழும். நெய்த லேபிள் கழுத்தில் உறுத்துகிறது என்று இப்போது பலர், எழுத்தைத் துணியிலேயே சூட்டில் பதிக்கும் வெப்ப அச்சுக்கு மாறிவிட்டார்கள். சிங்கிள் ஜெர்சி என்கிற மெல்லிய பின்னல் துணி வெளிர் நிறமாக இருந்தால் அந்த அச்சு முதுகுப் பக்கம் நிழலாகத் தெரியும். மையின் அடர்த்தியைக் குறைத்தால் எழுத்து படிக்க வராது. ஒவ்வொரு சாம்பிளிலும் இந்த இழுபறி உண்டு.

ஐரோப்பாவுக்கு இந்தத் தொல்லை இல்லை. அங்கே நூலிழை விவரம்தான் கட்டாயம். நாட்டின் பெயரையும் கட்டாயமாக்க ஐரோப்பிய ஆணையம் 2013-இல் முன்மொழிந்தது. உறுப்பு நாடுகள் ஒத்துப்போகாததால் அது அப்படியே நின்றுபோனது.

சரி, எதை வைத்து இந்தியா என்கிறோம்? பெரும்பாலான ஆடைகளுக்கு அமெரிக்கா கேட்பது ஒன்றுதான்: வெட்டிய துண்டுகளை எந்த நாட்டில் முழுக்கத் தைத்துச் சேர்த்தீர்கள்? துணி சீனாவிலிருந்து வந்திருந்தாலும் தையல் இங்கே என்றால் சட்டை இந்தியச் சட்டை. கரூரில் படுக்கை விரிப்பு ஏற்றுமதியில் இருக்கும் நண்பருக்குக் கணக்கு தலைகீழ். அவர் சரக்குக்குத் தையல் பொருட்டே அல்ல, துணியை எங்கே நெய்தார்கள் என்பதுதான் கேள்வி. ஒரே சுங்கத்துறை, ஒரே பருத்தி, இரண்டு நியாயம்.

2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீதம் வரி போட்டபோது இந்த விதி அலுவலகத்தில் எல்லோர் வாயிலும் அடிபட்டது. துண்டுகளை இங்கே வெட்டி வேறு நாட்டில் தைத்தால் என்ன என்று பையர்களே கேட்டார்கள். விதிப்படி அதில் தவறில்லை. துணியும் சாயமும் கட்டிங்கும் எங்களுடையதாக இருக்க, கழுத்தில் மட்டும் இன்னொரு நாட்டின் பெயர் ஏறும். சட்டத்துக்குச் சரியான இந்த லேபிள் வாங்குகிறவருக்கு எதைச் சொல்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

அமெரிக்க அரசுக்கே லேபிள் போதவில்லை. கட்டாய உழைப்பைக் காரணம் காட்டி, சீனாவின் ஷின்ஜியாங் பகுதிப் பருத்தி உள்ளிட்ட சரக்கைத் தடுக்கும் சட்டம் 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்தபிறகு, பருத்தியிலிருந்து விதையைப் பிரிக்கும் ஜின்னிங் ஆலையின் ரசீது, நூற்பாலை இன்வாய்ஸ், லாட் எண் எல்லாம் சேர்ந்த கோப்பைப் பையர்கள் கேட்கிறார்கள். உண்மையான பிறப்பிடம் அந்தக் கோப்பில்தான் இருக்கிறது. கடையில் சட்டை எடுக்கிறவர் கண்ணில் அது படாது.

அமெரிக்காவிலேயே தைக்கும் ஆடைக்கு ஒரு நல்ல விதி உண்டு: இறக்குமதித் துணியில் தைத்தால் அதையும் லேபிளில் சொல்லியாக வேண்டும். எங்களுக்கும் அதையே வைத்தால் லேபிள் அரை அங்குலம் நீளும், அவ்வளவுதான்.