வடக்கே ஒரு நங்கூரம், தெற்கே ஒரு நங்கூரம்

தூத்துக்குடிக்குக் கிழக்கே 8 பாகம் ஆழத்தில், அதாவது 14 மீட்டருக்குச் சற்று மேல், சரக்கேற்றும் தட்டைப் படகான ஒரு பார்ஜின் நங்கூரம் அறுந்து கிடந்தது. அதைத் தேடித் தரவேண்டும். எங்களிடம் இருந்தது ஒரு வாடகை பைபர் படகு, கார் பேட்டரி, லேப்டாப், அப்புறம் டார்பிடோ மாதிரி இருக்கும் சைட் ஸ்கேன் சோனார் மீன். மீன் என்றுதான் சொல்வோம், கேபிளில் கட்டி இழுத்துக்கொண்டு போவது.

வேலை ஏர் உழுவது போலத்தான். வடக்கே ஒரு சால், திரும்பித் தெற்கே ஒரு சால், வேகம் 4 நாட் (knot, கடல் மைல் கணக்கு) தாண்டக் கூடாது. மீன் இரண்டு பக்கமும் 50 மீட்டர் வரை ஒலியை அனுப்பி, திரும்பி வருவதை வரி வரியாகப் படமாக்கும். அதைத் தரையிலிருந்து 5 மீட்டர் உயரத்தில் ஓட விடுவோம். காலை 11 மணிக்கு மேல் காற்று ஏறிவிட்டால் படகு ஆடுகிற ஆட்டத்தில் படமும் நெளியும், ஒன்றும் தெரியாது. வெயிலில் திரையும் தெரியாது, ஆகவே தலைமேல் துண்டைப் போட்டுக்கொண்டு நாள் முழுக்கக் குனிந்திருக்க வேண்டும். வாந்தி வராத ஆள் அபூர்வம்.

புதிதாகப் பார்ப்பவர்கள் திரையில் பொருளைத் தேடுவார்கள். நான் நிழலைத் தேடுவேன். தரையைவிட்டு எழும்பி நிற்கும் எதுவும் ஒலியை மறைக்கும், அதற்குப் பின்னால் ஒரு வெற்றிடம் விழும். அந்தப் பக்கக் கடல் முழுக்கப் பார்கள், அதாவது கடலடிப் பாறைத் திட்டுகள். 1961-உடன் முத்துக்குளிப்பு நின்றுபோனாலும் பார்கள் அங்கேயேதான் கிடக்கின்றன, திரையில் எல்லாமே திட்டுத் திட்டாகத் தெரியும். அதற்கு நடுவே, மீனிலிருந்து 20 மீட்டர் தள்ளி, 5 மீட்டர் நீளத்துக்குக் கூர்மையான ஒரு நிழல். மீனின் உயரத்தை வைத்துக் கணக்குப் போட்டால் பொருள் சுமார் 1 மீட்டர் எழும்பி நிற்கிறது. நங்கூரத்தின் கொக்கி என்று அடித்துச் சொன்னேன்.

டைவர்கள் இறங்கினார்கள். மணல். மறுபடி இறங்கினார்கள், மறுபடியும் மணல். கீழே 3 மீட்டருக்கு மேல் கண் தெரியாது, கையால் துழாவியே ஒரு நாள் போனது. பார்ஜ்காரர்களின் போனை எடுக்கவே பயமாக இருந்தது.

மறுநாள் அதே இடத்தில் மறுபடி உழுதோம். சுக்கான் பிடித்த அண்ணாச்சி என் தோளுக்கு மேலாகத் திரையை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஏன் தம்பி, வடக்க போறப்ப வடக்க காட்டுது, தெக்க போறப்ப தெக்க காட்டுது, ரெண்டு நங்கூரமா போட்டாங்க?”

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஜிபிஎஸ் ஆன்டெனாவைப் படகில் மோட்டார் பக்கத்தில் கட்டியிருக்கிறோம், மீனோ 25 மீட்டர் கேபிளில் பின்னால் வருகிறது. மென்பொருளில் கேபிள் நீளம் போடுகிற கட்டத்தில் சுழியம்! கேபிள் சரிந்து இறங்குவதால், மீன் நங்கூரத்தைத் தாண்டும்போது, அதற்கு 23 மீட்டர் முன்னால் போய்விட்ட படகின் இடத்தைத்தான் அது குறித்து வைத்திருக்கிறது. இரண்டு புள்ளிகளுக்கும் இடையே 46 மீட்டர். ஒரே திசையில் மட்டும் ஓட்டியிருந்தால் கடைசிவரை கண்டுபிடித்திருக்கவே மாட்டோம். முதல் நாளே எதிர்த்திசைச் சாலிலும் அந்த நிழல் பதிவாகித்தான் இருந்தது, நான்தான் ஒன்றைப் பார்த்ததும் குதித்துவிட்டு இன்னொன்றைக் கல் என்று தள்ளிவிட்டேன்.

இரண்டுக்கும் நடுவே மிதவை போட்டோம். நங்கூரம் 4 மீட்டர் தள்ளி இருந்தது, அது நீவாடு (நீரோட்டம்) மீனைப் பக்கவாட்டில் தள்ளியதால் வந்த வித்தியாசம், அதற்கு நான் பொறுப்பில்லை.

கரை திரும்பும்போது அண்ணாச்சி திரையில் ஓரமாகக் கிடந்த ஒரு பாரைக் காட்டி, அதன் புள்ளி மட்டும் வேண்டும் என்றார். எதற்கு என்றேன். “கலவா மீன் கிடக்கும் தம்பி.” 23 மீட்டரைச் சரிசெய்தே எழுதிக் கொடுத்தேன்.