அரை வரி

எங்கள் தாத்தாவைப் பெற்ற பூட்டியின் பெயர் என்ன என்று கேட்டால் வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. பூட்டன் பெயர் சுப்பையா; அது எல்லோருக்கும் தெரியும். "பூட்டின்னுதான் சொல்லுவாங்க. நான் பிறக்கிறதுக்கு முன்னாடியே செத்துப்போச்சு. இதெல்லாம் தெரிஞ்சு என்னட்டி பண்ணப் போற?" என்றார் சித்தப்பா.

சங்கரன்கோவில் பக்கம் கரிசல்காட்டு ஊர் எங்களுடையது. 2019 நவம்பர் வரை திருநெல்வேலி மாவட்டம், இப்போது தென்காசி. முதலில் எல்லோரையும் போல நானும் வீட்டில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் வில்லங்கம் போட்டுப் பார்த்தேன். 1975-க்கு முந்தையது அதில் வரவில்லை. பட்டா, சிட்டாவில் எண்பதுகளில் நில ஆவணங்களைப் புதுப்பிக்க நடந்த யூடிஆர் கணக்கெடுப்பின்போது எழுதிய பெயர்கள்தான். பூட்டன் காலத்துக்குப் போக அது உதவாது.

அப்புறம்தான் தகரப்பெட்டி ஞாபகம் வந்தது. அதில் செல்லரித்த ஒரு பத்திரம், "1075 ௵ தை ௴" என்று போட்டிருந்தது. சித்தப்பா அதைச் சோழர் காலத்துப் பத்திரம் என்றே இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்! அது கொல்லம் ஆண்டு, மலையாளத்து ஆண்டுக் கணக்கு. எங்கள் பக்கத்துப் பழைய பத்திரங்களில் பார்க்கலாம். தை மாதமென்றால் 825 கூட்ட வேண்டும். ஆக, 1900. பக்கத்திலேயே "விகாரி" என்றும் எழுதியிருந்ததால் சரிபார்க்க முடிந்தது. விகாரி என்று மட்டும் இருந்திருந்தால் 1900-ஆ 1960-ஆ என்று முழித்திருப்பேன். அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்ப வந்துவிடும்.

பத்திரத்தில் விற்றவர், வாங்கியவரைவிட நான்குமால் விபரத்தைத்தான், அதாவது நாலு பக்க எல்லையைத்தான், நிறுத்திப் படிக்க வேண்டும். இன்னார் புஞ்சைக்குக் கிழக்கு, இன்னார் புஞ்சைக்கு வடக்கு என்று போகும். அண்ணன் தம்பி பாகம் பிரித்த நிலமென்றால் அந்த இன்னார்கள் பங்காளிகளாகத்தான் இருப்பார்கள். எங்கள் பத்திரத்தில் மூன்று பக்கம் பங்காளிகள், நாலாவது பக்கம் ஓடை. யாரும் எழுதி வைக்காத வம்சாவளியை நில எல்லை எழுதி வைத்திருந்தது.

ஆனால் அங்கேதான் நான் இடறி விழுந்தேன். எங்களில் மூத்த பையனுக்குத் தாத்தா பெயர். அண்ணன் தம்பி மூன்று பேர் என்றால் மூன்று வீட்டிலும் ஒரு சுப்பையா இருப்பார், மூவருக்கும் தாத்தா ஒருவரே. ஊரில் கட்டை சுப்பையா, கிணத்தடி சுப்பையா என்று பிரித்துக் கூப்பிடுவார்கள். பத்திரம் எழுதுகிறவருக்கு அந்தக் கவலை இல்லை. பத்திர ஆபீசில் மனுப் போட்டு, வருஷத்துக்கு இவ்வளவு என்று தேடுதல் கட்டணம் கட்டி, நகல் வாங்கி, இரண்டு மாதம் ஒரு சுப்பையாவின் பின்னாலேயே அலைந்தேன். அவர் கட்டை சுப்பையா. எங்கள் பூட்டன் கிணத்தடி.

எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கும் ஒரு நாள் போனேன். 1917-இல் வந்த மாவட்ட கெசட்டியரைப் புரட்டினால் மழை, பஞ்சம், ஜமீன், கோவில் எல்லாம் இருக்கிறது. படிக்க நன்றாகத்தான் இருந்தது. கிணத்தடி சுப்பையாவின் சம்சாரத்தை அதில் யார் தேடுவார்கள்?

மொய் நோட்டு கொஞ்சம் கைகொடுத்தது. பாப்பா அத்தை கல்யாணத்து நோட்டு, 1968. ஊரை முதலில் எழுதி, அப்புறம் பெயர், அப்புறம் தொகை. தாத்தாவின் தாய்மாமன் வீட்டு மொய் இருந்ததால் பூட்டி பிறந்த ஊர் கிடைத்தது. பெயர் கிடைக்கவில்லை.

கடைசியில் அம்மன் கோவில் கொடைக்கு, அதாவது திருவிழாவுக்கு, வரி பிரித்த நோட்டு. வரி பிரிக்கிற வீட்டில் பரணில் கிடந்தது, 1949-லிருந்து. வருஷாவருஷம் தலைக்கட்டுகளின், அதாவது வரி கட்டுகிற குடும்பத் தலைவர்களின் பெயர், எதிரே வரி. எங்கள் ஊரில் கல்யாணமான ஆணென்றால் முழு வரி. புருஷன் இல்லாமல் தனியே உலை வைக்கிற பெண்ணென்றால் அரை வரி. புருஷன் இருந்தவரை அவள் பெயர் நோட்டில் ஏறவே ஏறாது. 1951-ஆம் வருஷப் பக்கத்தில் தாத்தா பெயருக்கு நேர் கீழே: "கிணத்தடி சுப்பையா சம்சாரம் ஆவுடையம்மாள் – ½."

1955 வரை இருக்கிறாள். 1956-இல் எழுதி, கோடு போட்டு அடித்திருக்கிறார்கள். இறப்புப் பதிவு கேட்டு மனுப் போட்டால், இனி அந்த இரண்டு வருஷத்தை மட்டும் தேடச் சொன்னால் போதும்.

நோட்டைப் போனில் படமெடுத்துச் சித்தப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். பாப்பா அத்தையின் ரேஷன் கார்டில் ஆவுடையம்மாள் என்றுதான் இருக்கும். ஆனால் வீட்டில் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. மாமியார் பெயரை எங்கள் ஆச்சி வாயால் சொல்ல முடியாதே! மகளைப் பாப்பா என்றே கூப்பிட்டுவிட்டாள்; அத்தை எழுபது வயதில் சாகிற வரைக்கும் பாப்பாதான்.

"அக்காவுக்கு வச்சது அந்தப் பேரா?" என்றார் சித்தப்பா. அப்புறம், அந்தப் படத்தைத் தனக்கும் அனுப்பச் சொன்னார்.