ஒன்பது நாளில் வேட்பாளரானேன்

2022 ஜனவரி 26, சாயங்காலம். மறுநாள் காலையில் ஒரு கல்யாண வீட்டுக்குப் பலகாரம் போக வேண்டும். தேன்குழல் பிழிந்துகொண்டிருந்தேன். டிவியில் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் தேதியை அறிவித்தார்கள். 28-ஆம் தேதி முதல் வேட்புமனு, பிப்ரவரி 4 கடைசி நாள், 19 ஓட்டுப்பதிவு, 22 எண்ணிக்கை. என் கணவர் பட்டாலையிலிருந்து எட்டிப் பார்த்து, "நம்ம வார்டு பொம்பளைகளுக்கு ஒதுக்கினதுதானே? நீ நில்லேன்" என்றார். கையில் மாவோடு நின்றபடியே "சரி" என்று சொல்லிவிட்டேன்.

சும்மா சொன்ன சரி இல்லை அது. செட்டிநாட்டில் எங்களுடையது ஒரு சின்னப் பேரூராட்சி. 2011-இல் தேர்ந்தெடுத்த மன்றத்தின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அந்த மாதம் 17, 19 தேதிகளில் நடக்க இருந்த தேர்தலை 4-ஆம் தேதி உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. எங்கள் தெரு ஆச்சி ஒருவர் அப்போது மனுவும் கொடுத்து, நோட்டீஸும் அடிக்கக் கொடுத்திருந்தார். அதன்பிறகு ஐந்து வருடத்துக்கு மேல் மன்றத்துக்குப் பதிலாக அரசு வைத்த தனி அலுவலர்கள்தான். உச்ச நீதிமன்றம் கெடு வைத்த பிறகே தேதி வந்தது.

அந்த வருடங்களில்தான் எங்கள் ஊருணிக்குப் போகும் கால்வாய் தூர்ந்தது. இந்தப் பக்கத்து வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஓட்டில் விழும் மழை நடு முற்றமான வளவுக்குள் இறங்கி, கல் பாவிய தூம்பு வழியாகத் தெருக் கால்வாய்க்கு வந்து, அங்கிருந்து ஊருணிக்குப் போகும். முன்னோர்கள் அப்படி யோசித்துக் கட்டியிருக்கிறார்கள். எங்கள் தெருவில் இடித்த வீட்டுச் சுண்ணாம்பும் செங்கல்லும் மூன்று இடத்தில் கால்வாயை அடைத்துவிட்டன. ஐப்பசி மழையில் வாசற்படி வரை தண்ணீர் நிற்கும். இருநூறு அடி தள்ளி ஊருணி வெடித்துக் கிடக்கும். நான்கு முறை மனு கொடுத்தேன். ஒவ்வொரு முறையும் வேறு ஒருவர் வாங்கி, முதலிலிருந்து சொல்லச் சொன்னார்.

சரி, மனுத்தாக்கலுக்கு வருகிறேன். அறிவிப்பு வந்ததிலிருந்து கடைசி நாள் வரை ஒன்பதே நாள். கட்சிக்காரர்களுக்குக் காகிதம் தயார் செய்ய ஆள் உண்டு. நமக்கு நாம்தான்.

சுயேச்சையாக நின்றாலும் முன்மொழிய ஒருவர் போதும் என்றார்கள். எதிர் வீட்டில் இருக்கும் என் அண்ணி கையெழுத்துப் போடுவதாகச் சொன்னார். 30-ஆம் தேதி ராத்திரி வாக்காளர் பட்டியலை வாங்கி வைத்து ஒவ்வொரு பெயராகப் பார்த்தேன். அண்ணியின் பெயர் இல்லை. வார்டு மறுவரையறையில் தெருவின் எதிர்ச்சாரி முழுவதும் பக்கத்து வார்டுக்குப் போயிருந்தது. நிற்பவர் அதே பேரூராட்சியில் எந்த வார்டு வாக்காளராகவும் இருக்கலாம். முன்மொழிபவர் மட்டும் நிற்கிற வார்டிலேயே ஓட்டு உள்ளவராக இருக்க வேண்டும். அன்றைக்குப் பட்டியலைப் பார்க்காமல் மனுவைக் கொடுத்திருந்தால் பரிசீலனையில் தள்ளியிருப்பார்கள். விடிந்ததும் பின்கட்டு வாசல் வழியாக அடுத்த வீட்டு அப்பத்தாவிடம் ஓடினேன். எண்பது வயது. "கையெழுத்துதானே, காப்பி குடிச்சிட்டுப் போடறேன்" என்றார்.

இரண்டாவது, வீட்டு வரி. நான்கு நாளைத் தின்றது இதுதான். நாங்கள் குடியிருப்பது பொது வீடு. வரி ரசீது இன்னும் என் கணவரின் ஐயா பெயரில்தான் வருகிறது. பங்காளிகள் சென்னையில், கோயம்புத்தூரில், கோலாலம்பூரில். ஒவ்வொருவரும் இன்னொருவர் கட்டிக்கொண்டிருப்பதாக நினைத்திருக்கிறார்கள். மூன்று வருடப் பாக்கி நின்றது. மனுவோடு பாக்கி இல்லை என்று காட்ட வேண்டுமே! இரண்டு பேருக்குப் போன் செய்தேன், மூன்றாமவர் எடுக்கவில்லை. கடைசியில் பலகாரச் சீட்டுப் பணத்தை எடுத்து முழுவதையும் நானே கட்டினேன். அதற்கப்புறம் பங்குப் பணத்தை எல்லோரும் அனுப்பிவிட்டார்கள், அதைச் சொல்லிவிட வேண்டும். பொது வீட்டில் இருப்பவர்கள் யாராவது நிற்க நினைத்தால், இந்த ரசீதைத்தான் முதலில் தேடுங்கள்.

மூன்றாவது, சொத்து, கடன், வழக்கு விவரம் எழுதும் உறுதிமொழி ஆவணம். என் நகை எத்தனை பவுன், அவருடைய பைக், கூட்டுறவு வங்கியில் வைத்த நகைக்கடன் எல்லாம் எழுதியாயிற்று. பிரிக்காத வீட்டில் எங்கள் பங்கை எப்படி மதிப்புப் போட்டு எழுதுவது? தெரிந்த வக்கீல் ஒருவர் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார். எந்தக் கட்டத்தையும் காலியாக விடாதே, இல்லாததற்கு 'இல்லை' என்று எழுது என்று அவர் சொன்னது பெரிய உதவி.

ஜனவரி 31 தை அமாவாசை. அன்றைக்கு மனு கொடுக்க வரிசை வாசலுக்கு வெளியே நின்றது. எனக்குக் காகிதம் முடியவில்லை. பிப்ரவரி 3-ஆம் தேதி அப்பத்தாவை ஆட்டோவில் கூட்டிப்போய்க் கொடுத்தேன். பேரூராட்சி உறுப்பினருக்கு டெபாசிட் 1,000 ரூபாய், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 500. வாங்கியவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, ஒரு இடத்தில் விட்டுப்போன கையெழுத்தைக் காட்டி அங்கேயே போட வைத்தார். 5-ஆம் தேதி பரிசீலனையில் என் மனு ஏற்கப்பட்டது. பெயர் வாசித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

7-ஆம் தேதி வாபஸ் நேரம் முடிந்ததும் சின்னம். நான் முதலாவதாகக் கேட்ட சின்னத்தை இன்னொருவரும் கேட்டதால் குலுக்கல், அது அவருக்குப் போனது. எனக்கு வைரம். நல்ல சின்னம் என்று சந்தோஷப்பட்டேன். நோட்டீஸில் கறுப்பு வெள்ளையில் பார்த்த ஒரு ஆச்சி, "என்னடி இது, பம்பரமா?" என்று கேட்டார். அவர் காதிலேயே வைரத்தோடு மின்னுகிறது! அன்றிலிருந்து வீடு வீடாக வாசல் திண்ணையில் சாக்பீஸால் படம் போட்டுக் காட்டினேன். மேலே தட்டை, கீழே கூர், நடுவில் நான்கு கோடு. கோலம் போடுகிற கை என்பதால் அது எனக்குச் சுலபமாக வந்தது.

ஓட்டுக் கேட்கப் பத்து நாள்தான் இருந்தது. கொரோனா மூன்றாம் அலை முழுதாக ஓயவில்லை, அதனால் மாஸ்க்கோடு நானும் கணவரும் அப்பத்தாவின் பேத்தியும் மட்டும் போனோம். எங்கள் வார்டில் 520 ஓட்டு. அதில் 61 பேர் வெளியூர். பெரிய பெரிய வீடுகள், முகப்பில் பூட்டு, காவலுக்கு ஒரே ஒருவர். அவர்களுக்கெல்லாம் போன் செய்து சனிக்கிழமைதான் ஓட்டு, வந்துவிட்டுப் போங்கள் என்றேன். ஒன்பது பேர் வந்தார்கள். ஒருவர் வெள்ளிக்கிழமை பல்லவன் ரயிலில் காரைக்குடி வந்து இறங்கி, ராத்திரி பதினொரு மணிக்கு எங்கள் வாசலில் நின்று, "பூத் எங்கே இருக்கு?" என்று கேட்டார்.

மக்களுக்குப் பெரிய குழப்பம், தலைவர் ஓட்டு. 2011-இல் தலைவருக்குத் தனி ஓட்டு, வார்டுக்குத் தனி ஓட்டு போட்டவர்கள் அவர்கள். 2022-இல் மாநகராட்சி மேயர் தொடங்கிப் பேரூராட்சித் தலைவர் வரை எல்லோரையும் ஜெயித்த உறுப்பினர்கள்தான் தேர்ந்தெடுத்தார்கள், மார்ச் 4-ஆம் தேதி. நமக்கு ஒரே ஒரு ஓட்டு. "அப்போ தலைவர் யாருன்னு நாங்க சொல்ல முடியாதா?" என்று பல வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. எனக்கும் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதுதான் சரி என்று படுகிறது. உறுப்பினர் ஓட்டுக்கு அதனாலேயே இரண்டு மடங்கு மதிப்பு என்று விளக்கினேன். கடைசி இரண்டு ராத்திரி சில வீடுகளுக்குக் கவர் போனது. ஒரு அக்கா அதை என்னிடம் காட்டி அழுதார். அவர் வீட்டு நிலைமை எனக்குத் தெரியும், அதனால் ஒன்றும் சொல்லவில்லை. கொடுத்தவர்கள் மேல் இருக்கிற கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஓட்டுப்பதிவு அமைதியாக நடந்தது. காலை 7 முதல் மாலை 6 வரை, கடைசி ஒரு மணி நேரம் கொரோனா உள்ளவர்களுக்கு. 22-ஆம் தேதி எங்கள் வார்டு மேசைக்கு வந்து ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. ஒரே மெஷின். வென்றவருக்கு 203, எனக்கு 187. ஒன்றும் பேசாமல் வெளியே வந்து வேப்ப மரத்தடியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். பதினாறு ஓட்டு. பூட்டிய வீடுகள்தான் கண்ணில் வந்தன.

தோற்றவர்களும் செலவுக் கணக்குக் கொடுக்க வேண்டும், முடிவு வந்து 30 நாளுக்குள். கொடுக்காவிட்டால் மூன்று வருடம் நிற்க முடியாமல் போகலாம். பேரூராட்சிக்கு வரம்பு 17,000 ரூபாய். என்னுடையது ஒன்பதாயிரத்துச் சொச்சம். நோட்டீஸ், ஆட்டோ, டீ என்று பலகாரக் கணக்கு நோட்டிலேயே தினமும் எழுதி வைத்திருந்ததால் அரை நாளில் முடிந்தது. கட்டிய ஆயிரமும் திரும்ப வந்தது.

வென்றவர் நல்ல மனுஷி. ஒரு மாதம் கழித்து வீட்டுக்கு வந்து, கால்வாய் விவரத்தைக் கேட்டு எழுதிக்கொண்டு போனார். அந்த வருட மழைக்கு முன்னால் இரண்டு அடைப்பை எடுத்துவிட்டார்கள். மூன்றாவது அப்படியே இருக்கிறது.

2022-இல் பதவியேற்ற மன்றங்களுக்கு 2027 தொடக்கத்தில் ஐந்து வருடம் முடிகிறது. நான் மறுபடி நிற்கப் போகிறேன். வரி ரசீது, வங்கிக் காகிதம் எல்லாம் பத்தாயத்துப் பக்கம் இருக்கும் தகரப் பெட்டியில் ஒரே கவரில் இருக்கின்றன. 2025 நவம்பரில் தொடங்கிய தீவிரத் திருத்தத்துக்குப் பிறகு வாக்காளர் பட்டியலையும் உட்கார்ந்து பார்த்துவிட்டேன். என் பெயர் இருக்கிறது. அப்பத்தா போய்ச் சேர்ந்துவிட்டார், அவர் பேத்திக்கு இப்போது ஓட்டு வந்துவிட்டது. அண்ணி பெயர் இன்னமும் பக்கத்து வார்டில்தான்.