ஒன்பதாம் ஆண்டில் வந்த பஞ்சம்

பேனிஷ்ட் என்ற கணினி ஆட்டத்தில் இது என் மூன்றாவது ஊர். லூக் ஹோடரோவிச் என்பவர் தனி ஆளாக உருவாக்கி 2014 பிப்ரவரியில் வெளியிட்ட ஆட்டம் இது. இதில் சண்டை கிடையாது, படையெடுத்து வரும் பகைவர் கிடையாது. குளிரையும் பசியையும் தாண்டி ஊரை நிலைநிறுத்த வேண்டும், அவ்வளவுதான். என் முதல் இரண்டு ஊர்களும் பசியில் அழிந்தன.

இந்த முறை ஆறு குடும்பங்களுடன் எளிய நிலையில் தொடங்கினேன். வயலைத் தொடவே இல்லை. அடர்ந்த காட்டின் நடுவில் சேகரிப்போர் குடிசை, அதன் அருகிலேயே வேட்டையாடுவோர் குடில், வனக்காப்பாளர் குடில். மூன்றும் ஒரே காட்டைப் பங்கிட்டுக்கொண்டாலும் ஒன்று மற்றொன்றின் வேலையைக் கெடுப்பதில்லை. வனக்காப்பாளரை மரம் நடுவதற்கு மட்டும் விட்டு, வெட்டுவதை நிறுத்தி வைத்தேன். காளான், கிழங்கு, வெங்காயம், பெர்ரி, மான்கறி என்று கிடங்கு நிரம்பிக்கொண்டே இருந்தது. காடு சோறு போடும் என்பதை அந்த ஆண்டுகளில் கண்ணாரக் கண்டேன்.

எட்டாம் ஆண்டில் மக்கள்தொகை 55. ஒருவர் ஆண்டுக்கு ஏறத்தாழ 100 அலகு உணவு உண்பார். கையிருப்பு 6,000-ஐத் தாண்டியிருந்ததால், ஒரே கோடையில் எட்டு வீடுகள் கட்டினேன். பெற்றோருடன் ஒண்டியிருந்த இளையவர்கள் தனிக்குடித்தனம் போனார்கள். வீட்டுக்கு வீடு தொட்டில் ஆடியது. பத்து வயது வரை பிள்ளைகள் வேலைக்கு வரமாட்டார்கள். சாப்பாடு மட்டும் பிறந்த நாளிலிருந்தே வேண்டும்.

ஈடுகட்ட ஆற்றுக்கு அக்கரையில் மக்காச்சோள வயல்கள் இரண்டு போட்டேன். ஆட்டம் அனுமதிக்கும் மிகப் பெரிய அளவு, 15-க்கு 15 கட்டங்கள். சமவெளி அங்கேதான் இருந்தது. பயிர் நன்றாகவே வளர்ந்தது.

இலையுதிர்காலக் கடைசியில் பாதி வயல் அறுக்கப்படாமல் நின்றது. காரணம் புரியாமல் ஓர் உழவுப் பெண்ணைத் தேர்ந்தெடுத்து அவள் பின்னாலேயே பார்வையை நகர்த்தினேன். சோளத்தைச் சுமந்துகொண்டு பாலம் கடந்து பழைய கிடங்குக்குப் போனாள். அங்கிருந்து சாப்பிட வீட்டுக்கு, வீட்டிலிருந்து மறுபடியும் பாலம். வயலுக்குத் திரும்பியபோது பனி விழத் தொடங்கியிருந்தது. அவள் கண்ணெதிரே மிச்சப் பயிர் கருகிப் போனது.

அந்தக் குளிர்காலத்தில் 17 பேர் பட்டினியால் இறந்தார்கள். அவளும் ஒருத்தி. நெடுநேரம் ஆட்டத்தை நிறுத்தி வைத்துவிட்டு அந்த வயலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நிலம் போதாததால் வந்த பஞ்சமில்லை அது. நடையில் போன நேரம்தான் ஊரைக் கொன்றது. அடுத்த வசந்தத்தில் முதல் வேலையாக வயலின் மூலையை ஒட்டி ஒரு கிடங்கு கட்டினேன். அதன் பக்கத்திலேயே வீடுகள் மூன்று. இரண்டாவது வயலை விதைக்காமல் விட்டு, அதன் ஆட்களை மீன்பிடி படகுத்துறைக்கு அனுப்பினேன். மீனுக்குப் பனிக்காலக் கவலை இல்லை. கோடை முடிவிலேயே பயிரின் வளர்ச்சி விழுக்காட்டை அடிக்கடி பார்த்து, முழுதாக முற்றும்வரை காத்திராமல் அறுவடைப் பொத்தானை அழுத்தினேன். சற்றுக் குறைவாகக் கிடைத்தாலும் கிடங்குக்கு வந்த சோளமே சோளம்.

பனி விழும் முன் வயல் வெறுமையானது. அந்த ஆண்டு ஒருவரும் பசியால் இறக்கவில்லை.

இப்போது பதினான்காம் ஆண்டு, மக்கள் 71 பேர். ஆண்டுக்கு இரண்டு வீடுகளுக்கு மேல் கட்டுவதில்லை. ஊர் மன்றத்தின் கணக்கில் விளைந்ததையும் உண்டதையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே மரத்தை ஒதுக்குகிறேன். வணிகப் படகுத்துறையில் பண்டமாற்றுக்காக விறகு அடுக்கி வைத்திருக்கிறேன்; அவரை விதையோடு படகு வந்தால், இரண்டாவது வயலில் அதைத்தான் விதைக்கப்போகிறேன்.