வாசலில் நின்ற இயோம்

இரவு இரண்டு மணி இருக்கும். பிக்கப் வண்டியின் பின்னால் போர்வை சுற்றிய ஒரு பெண்ணை இடுப்புவலியோடு எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். கூட இறங்கிய மூதாட்டியைக் காவலாளி வாசலிலேயே நிறுத்திவிட்டார். உள்ளே வந்தவளுக்கு ஸ்பானிய மொழி தெரியாது. எங்களில் ஒருவருக்கும் அவள் பேசிய கிச்சே என்னும் மாயா மொழி தெரியாது. இத்தனை மாதமும் அவள் வயிற்றைத் தொட்டுப் பார்த்து வந்தவரோ, மலைக்குளிரில் வெளியே உட்கார்ந்திருந்தார்.

குவாத்தமாலாவின் மேற்கு மலைநாட்டில் நான் செவிலியராக இருந்தபோது நடந்தது இது. அங்கே பேறுகாலம் பார்க்கும் பெண்ணைக் கிச்சே மொழியில் 'இயோம்' என்பார்கள், ஸ்பானியத்தில் 'கொமாத்ரோனா'. யாரும் விரும்பிப் போய்ச் சேரும் வேலையில்லை இது. 260 நாள் மாயா நாட்காட்டியில் பிறந்த நாளும், திரும்பத் திரும்ப வரும் கனவுகளும் அழைக்கும். மறுத்தால் நோய் வரும் என்பது நம்பிக்கை. அதனால்தான் நள்ளிரவில் கதவு தட்டப்பட்டால் புருஷனைக் கேட்காமல் இயோம் கிளம்பிவிட முடிகிறது. மற்றப் பெண்களுக்கு அந்தச் சுதந்திரம் சுலபத்தில் கிடைப்பதில்லை. ரத்தப்போக்கு கண்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று முடிவு செய்வது பெரும்பாலும் கணவனும் மாமியாரும்தான். அவர்களை அசைப்பது இயோமின் ஒரு சொல். அவரை வாசலில் அவமானப்படுத்தி அனுப்பினால், அடுத்த பெண்ணைக் கூட்டிவர அவருக்கு எப்படி மனம் வரும்?

மறுநாள் காலை, பிள்ளை பிறந்தபின் நான் செய்ததை நினைத்தால் இன்றும் வலிக்கிறது. அந்தப் பெண்ணின் இடுப்பில் இறுக்கிக் கட்டியிருந்த நெய்த கச்சையை அவிழ்த்துவிட்டு, குழாய்த் தண்ணீரில் குளிக்கச் சொன்னேன். அவள் சத்தமில்லாமல் அழுதாள். பிரசவத்தில் உடம்புச் சூடெல்லாம் வெளியேறிவிடும் என்பது அவர்கள் கணக்கு. அதனால் 'துஹ்' என்னும் தாழ்வான நீராவிக் குளியல் அறையில், சுட்ட கற்களில் தண்ணீர் தெளித்து, தாய்க்கு வேது பிடித்து, வயிற்றை நீவிக் கச்சை கட்டிவிடுவார் இயோம். 'பிள்ளை பெத்த உடம்புல பச்சத்தண்ணி படக்கூடாது' என்று சொன்ன பாட்டியிடம் வளர்ந்தவள் நான். எனக்கே அது உறைக்கவில்லை.

துஹ் எல்லாவற்றையும் குணப்படுத்திவிடும் என்று நான் சொல்லவில்லை. ரத்தம் நிற்காமல் கொட்டும்போது கருப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்ஸிடோசின் மருந்து வேண்டும், ஏற்ற ரத்தம் வேண்டும். அதற்காகத்தான் அந்த இயோமே அவளைக் கூட்டிவந்தார்.

2015-ல் கொமாத்ரோனாக்களுக்கென்றே அந்த நாட்டில் தேசியக் கொள்கை வந்தது. ஆனால் நான் பார்த்த பயிற்சி வகுப்புகளில், எண்ணற்ற பிள்ளைகளைக் கையில் ஏந்தியவர்களைப் பெஞ்சில் உட்காரவைத்து ஸ்பானியத்தில் பாடம் நடத்தினோம். அவர்களிடம் நாங்கள் ஒன்றும் கேட்டுத் தெரிந்துகொண்டதில்லை.

பல மாதம் கேட்டுக் கேட்டு, என் ஷிஃப்டில் இயோம்களை உள்ளே விட அனுமதி வாங்கினோம். முதல் முறை வந்தவர், பாயில் மண்டியிட்டிருந்த பெண்ணைப் பின்னாலிருந்து தாங்கிக்கொண்டார். டாக்டர் தரையில் உட்கார்ந்து பிள்ளையை வாங்கினார். பதிவேட்டில் கூட வந்தவர் பெயரை எழுத இடமில்லை என்றார் எழுத்தர். ஸ்கேல் வைத்து ஓரத்தில் நானே ஒரு கோடு போட்டேன். அந்த இயோமின் பெயரைக் கிச்சே உச்சரிப்பில் மூன்று முறை சொல்லவைத்து எழுதிக்கொண்டோம்.