மலகா விமான நிலையம்: திரும்பும் நாளில் கவனம் தேவை

ஸ்பெயினின் மலகா–கோஸ்தா தெல் சோல் விமான நிலையத்தில் இறங்கும்போது விழிப்பாக இருப்பவர்கள்கூட, திரும்பும்போது கோட்டை விட்டுவிடுகிறார்கள். பிரிட்டனிலிருந்து விடுமுறைக்குப் போகும் நம்மவர்கள், அதிலும் இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டில் ஷெங்கன் விசாவோடு (ஸ்பெயின் உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசா) போகிறவர்கள், இதைத் தெரிந்துகொண்டு கிளம்பினால் நல்லது.

முதலில் விசா ஸ்டிக்கரைப் படியுங்கள். அதில் இரண்டு தேதிகள் இருக்கும். தனியே ஒரு கட்டத்தில் தங்கக்கூடிய நாட்களின் எண்ணிக்கையும் இருக்கும். கணக்கு அந்த எண்ணிக்கைதான். தேதிகளுக்கு இடையே ஒரு மாதம் இருக்கிறதே என்று நினைத்துவிடக் கூடாது. கட்டத்தில் 12 என்றிருந்தால் 12 நாள்தான். வந்து இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் இதில் சேரும். இரவு 11 மணிக்கு இறங்கினாலும் அது ஒரு முழு நாள். முன்பெல்லாம் முத்திரைகளைப் புரட்டி எண்ணுவார்கள். 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக வந்த ஐரோப்பிய நுழைவு–வெளியேற்றப் பதிவு முறையில் கணினியே எண்ணிவிடுகிறது.

அந்தப் பதிவில் முகத்தைப் படம் பிடிப்பார்கள். விசா வேண்டாத பிரிட்டிஷ் பாஸ்போர்ட்காரர்களிடம் முதல் முறை வலது கையின் நான்கு விரல் ரேகைகளையும் எடுப்பார்கள். விசாவில் வருகிறவர்களின் ரேகை விண்ணப்பத்தின்போதே பதிவாகியிருக்கும், அதை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குப் படம் மட்டும்தான். ரேகை பதியாமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் விரல்தான். தோல் வறண்டிருந்தாலும் கிரீம் பிசுபிசுப்பு இருந்தாலும் ரேகை எடுக்கும் எந்திரத்தின் கண்ணாடி படிக்காது. வரிசையில் நிற்கும்போதே விரல் நுனிகளைத் துடைத்துக்கொள்ளுங்கள். வைத்த விரல்களை நகர்த்தாமல், நான்கையும் தட்டையாக அழுத்திப் பிடியுங்கள்.

ஹோட்டல் பதிவு, திரும்பும் டிக்கெட், பயணக் காப்பீடு மூன்றையும் அச்செடுத்துக் கையில் வையுங்கள். அதிகாரி கேட்கும் நேரத்தில் போன் சிக்னல் தேடிக்கொண்டிருக்கக் கூடாது.

வெளியே வந்ததும் செர்கானியாஸ் எனப்படும் உள்ளூர் ரயில், சி1 தடம். 20 நிமிடத்துக்கு ஒன்று வரும். ஒரு திசையில் மலகா நகரம், மறு திசையில் தோரெமோலினோஸ், பெனல்மதேனா, கடைசியாக ஃபுயென்ஹிரோலா. ஏறும் முன் பலகையில் கடைசி நிலையத்தின் பெயரைப் பாருங்கள். இறங்கும் இடத்திலும் கதவு திறக்க டிக்கெட் வேண்டும், தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மார்பேயாவுக்கு ரயில் கிடையாது, பேருந்துதான். கார் எடுத்தால் ஏபி-7 கட்டணச் சாலை, ஏ-7 இலவசம்.

இனி திரும்பும் நாள். கடையில் வரி திரும்பப் பெறும் டிவா படிவம் வாங்கியிருந்தால், பெட்டியைச் செக்-இன் செய்யும் முன்பே டிவா எந்திரத்தில் அதன் பார்கோடைக் காட்டுங்கள். எந்திரம் ஏற்காவிட்டால் சுங்க அதிகாரியிடம் போக வேண்டும், அவர் பொருளைப் பார்க்கக் கேட்கலாம். பெட்டி உள்ளே போய்விட்டால் எதைக் காட்டுவது? ஸ்பெயினில் இதற்குக் குறைந்தபட்சத் தொகை இல்லை. சிறிய பில்லுக்கும் கடையிலேயே படிவம் கேட்டு வாங்குங்கள்.

பாதுகாப்புச் சோதனை முடிந்ததும் வரியில்லாக் கடைகள், சாப்பாட்டு மேசைகள். 'எல்லாம் முடிந்தது' என்று பலர் உட்கார்ந்துவிடுவது இங்கேதான். பிரிட்டன் போகும் விமானம் ஷெங்கனுக்கு வெளியே போவதால், கேட்டுக்கு முன்னால் இன்னொரு பாஸ்போர்ட் வரிசை பாக்கி இருக்கிறது. கோடையில், பல விமானங்கள் அடுத்தடுத்துக் கிளம்பும் காலை நேரத்தில், அது நீண்டுவிடும். கேட் எண்ணுக்காகத் திரையைப் பார்த்துக் காத்திருந்து, எண் வந்த பிறகு எழுந்து போகிறவர்கள் அந்த வரிசையின் வாலில்தான் நிற்பார்கள். காபி வேண்டுமென்றால் கையில் வாங்கிக்கொண்டு முதலில் அந்த வரிசையைக் கடந்துவிடுங்கள்.