மாலையைக் கழற்றிய பிறகு

எங்கள் பக்கம் குடியை விடுவதற்கு வழிகளுக்குப் பஞ்சமே இல்லை. சபரிமலைக்கு மாலை போட்டால் ஒரு மண்டலம் தொடமாட்டோம். தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழனிக்கு நடக்கும் கூட்டத்தோடு சேர்ந்துவிட்டால் கால் கொப்புளத்தைத் தவிர வேறு நினைப்பு வராது. பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம், கோயிலில் கயிறு, அதுவும் போதாவிட்டால் கொல்லங்குடி காளி. இதெல்லாம் வேலை செய்யாது என்று நான் சொல்லவே மாட்டேன், எனக்குச் செய்தது. ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரு கடைசித் தேதி இருந்தது. மாலையைக் கழற்றிய அன்று சாயங்காலம் நான் எங்கே நிற்பேன் என்பது காரைக்குடியில் என்னைத் தெரிந்த எல்லோருக்கும் தெரியும்.

இப்போது யோசித்தால், அந்த நாட்களில் என்னைப் பிடித்து வைத்திருந்ததில் பாதி கூட இருந்த சாமிகள்தான். விடியற்காலையில் குளிக்க எழுப்ப ஒருத்தர், பஜனைக்குக் கூப்பிட ஒருத்தர். மாலை இறங்கியதும் அவரவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஏஏ, அதாவது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசும் கூட்டம். என் கணக்கில், அந்தச் சேர்க்கை கலையாமல் இருப்பது, அவ்வளவுதான். 1935-ல் அமெரிக்காவில் ஆக்ரன் என்ற ஊரில் இது தொடங்கியதே அப்படித்தான்: ஒரு பங்குச்சந்தைக்காரர், ஒரு டாக்டர், இரண்டு பேருக்கும் குடி, இன்னொரு குடிகாரனோடு மனம்விட்டுப் பேசினால் இன்றைக்குக் குடிக்காமல் தள்ள முடிகிறது என்று கண்டுகொண்டார்கள்.

சரி, எங்கே நடக்கிறது? ஏஏ இந்தியாவின் இணையதளத்தில் ஊர்வாரியாகத் தேடலாம். மதுரை, திருச்சியில் கூட்டங்கள் உண்டு. ஆனால் பட்டியலை மட்டும் நம்பிப் பஸ் ஏறாதீர்கள், இடமும் நேரமும் மாறும், போன் போட்டுக் கேட்டுவிட்டுப் போங்கள். எடுத்துப் பேசுகிறவரும் பெரும்பாலும் குடியை விட்ட ஆளாகத்தான் இருப்பார், அதனால் தயங்கித் தயங்கிப் பேசினாலும் அவருக்குப் புரியும். அரசாங்கத்தின் இலவச எண் 14446, அதிலும் வழி கேட்கலாம்.

பயம் கூட்டத்தைப் பற்றியது இல்லை, யார் கண்ணிலாவது பட்டுவிடுவோமோ என்பதுதான். நம் பக்கம் இரண்டு பேர் சந்தித்தால் முதல் கேள்வி எந்த ஊர், எந்தக் கோயில், யார் வீட்டுப் பிள்ளை. அங்கே அந்தக் கேள்வியே வராது. பெயர் மட்டும் போதும், கையெழுத்துப் போட நோட்டு கிடையாது, கட்டணம் கிடையாது. கடைசியில் ஒரு பை சுற்றி வரும், விருப்பப்பட்டால் பத்தோ இருபதோ போடலாம், இடத்து வாடகைக்கும் டீக்கும் அது. பெரும்பாலும் ஏதாவது பள்ளிக்கூட வகுப்பறையிலோ சர்ச் வளாகத்திலோ நடக்கும், நான் போனது சின்னப் பிள்ளைகள் பெஞ்சு, முழங்கால் இடித்துக்கொண்டே இருந்தது. சர்ச் என்றதும் மதம் மாற்றுவார்களோ என்று என் அப்பத்தா கேட்டார். இல்லை. விபூதி பூசியவர், தொப்பி போட்டவர், சாமியே இல்லை என்பவர் எல்லோரும் ஒரே பெஞ்சில் இருந்தார்கள். “என் பெயர் இன்னது, நான் ஒரு குடிநோயாளி” என்று தொடங்கி ஒவ்வொருவராகப் பேசுவார்கள். “நான் கேட்கத்தாண்ணே வந்தேன்” என்றால் விட்டுவிடுவார்கள். குடியை விட வேண்டும் என்ற ஆசை ஒன்றுதான் தகுதி. விட்ட பிறகு போகலாம் என்று காத்திருப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும்.

அங்கே கேட்டதை வெளியே சொல்லக் கூடாது, அதனால் யார் சொன்னது என்று எழுத மாட்டேன், எனக்கு உதவியதை மட்டும் சொல்கிறேன். கல்யாண வீடு. வளவில் பந்தி நடக்கும்போது வெளியே ஏதாவது ஒரு காரின் டிக்கி திறந்திருக்கும், தெரிந்ததுதான். நான் இப்போது போனவுடன் பந்தி விசாரிப்பை எடுத்துக்கொள்கிறேன், சாம்பார் வாளியோடு. கையில் வாளி இருப்பவனைத் தோளில் கை போட்டு வெளியே கூட்டிப் போக முடியாது. கடைசிப் பந்தியில் சாப்பிட்டுவிட்டு நேரே வீடு. இந்த மாதிரிச் சின்ன உபாயங்களை டாக்டர் சீட்டில் எழுதித் தர மாட்டார்.

ஆனால் டாக்டர் வேண்டும். தினமும் நிறையக் குடித்து, காலையில் கை நடுங்குகிற நிலையில் இருப்பவர் வீராப்பாக ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு வரலாம், பிதற்றல் வரலாம், உயிருக்கே ஆபத்து. முதலில் ஆஸ்பத்திரி, கூடவே கூட்டம். அப்புறம், சுவரில் ஒட்டியிருக்கும் ‘அவருக்குத் தெரியாமலே குடியை மறக்கடிக்க’ நோட்டீஸ்: தயவுசெய்து வேண்டாம். குடியோடு சேர்ந்தால் ரத்த அழுத்தம் சரிந்து ஆளையே சாய்க்கும் மருந்துகள் உண்டு, தெரியாமல் சோற்றில் கலந்து கொடுக்கிற சமாச்சாரம் இல்லை அது. தவித்துக்கொண்டிருக்கும் மனைவிக்கும் அம்மாவுக்கும் அல்-அனான் என்று தனியாகவே கூட்டம் இருக்கிறது. அவர் திருந்தினாலும் திருந்தாவிட்டாலும் அவர்கள் போகலாம்.

பஸ் ஏறவே முடியாது என்பவர்களுக்கு ஜூமில் தமிழிலேயே கூட்டங்கள் நடக்கின்றன. கேமராவை அணைத்துவிட்டு, மைக்கை மூடிவிட்டு, மொட்டை மாடியில் உட்கார்ந்து கேளுங்கள். திரையில் உங்கள் பெயருக்குப் பதில் ‘சாம்சங்’ என்று போன் பெயர் தெரிந்தாலும் பரவாயில்லை, “வாங்க சாம்சங் அண்ணே” என்றுதான் கூப்பிடுவார்கள்.